அளவுகோலைக் காட்டச் சொல்லுங்கள்: இன்டர்வியூவிலும் ஆபீஸிலும் பெண்களுக்கு நடக்கும் பாரபட்சத்தைக் கையாள ஒரு வழிகாட்டி

போன வருடம் வேலையை விட்டு வந்தபோது என் அலமாரியைக் காலி செய்தேன். இருபத்திரண்டு வருடம் எச்.ஆர். பிரிவில் இருந்தவளின் அலமாரியில் வேறென்ன இருக்கும், பழைய நேர்காணல் தாள்கள்தான். கிழித்துப் போடும் முன் ஒரு கட்டைப் புரட்டினேன். ஒரே நாளில், ஒரே வேலைக்கு வந்த இரண்டு பேரின் தாள்கள் அடுத்தடுத்து இருந்தன. பெண்ணின் தாளில், கடைசியில் இருக்கும் 'கருத்து' கட்டத்தில் என் கையெழுத்து: "திறமை நன்று. கைக்குழந்தை. டூர் கஷ்டம்." ஆணின் தாளிலும் என் கையெழுத்துதான், அதே நீல மை: "இரட்டைக் குழந்தைகளின் அப்பா. பொறுப்பானவர்." வேலை அவருக்குப் போனது.

அந்தப் பெண்ணிடம் டூர் போக முடியுமா என்று நாங்கள் கேட்கவே இல்லை. பேனலில் ஒருவர் கேட்க வாயெடுத்தார். சங்கடப்படுவாளே என்று நான்தான் பேச்சை மாற்றினேன். நல்ல மனசோடு செய்தேன் என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கதையை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெண் என்பதால் வேண்டாம் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். "செட் ஆகாது", "அலைச்சல் அதிகம்", "டீமோடு ஒத்துப் போகணும்" என்றுதான் வரும். பாதி நேரம் அக்கறை போலவே வரும். அதை எதிர்கொள்ள எனக்குத் தெரிந்த உருப்படியான வழி ஒன்றுதான். எந்த அளவுகோலால் என்னை அளந்தீர்கள், பக்கத்து நாற்காலி ஆணையும் அதே அளவுகோலால் அளந்தீர்களா என்று கேட்பது. வாய்விட்டுக் கேட்க முடியாத இடத்தில், பிறகு கேட்பதற்குத் தோதாகக் குறித்து வைப்பது. இனி நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு வேலையைச் செய்யும் விதங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். புகார் கொடுக்கும் இடமும் கெடுவும் மாறும். அவற்றை உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வது எங்கே இருந்தாலும் செய்யக்கூடியவை.

எது பாரபட்சம்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1958இல் கொண்டுவந்த 111ஆம் உடன்படிக்கையில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. பால் உள்ளிட்ட காரணங்களால் ஒருவரை வேறுபடுத்துவது, ஒதுக்குவது, இன்னொருவருக்கு முன்னுரிமை கொடுப்பது, இதில் எதுவானாலும் வேலை வாய்ப்பில் சமத்துவத்தைக் குலைத்தால் அது பாகுபாடு. அந்த வேலைக்கே இயல்பாகத் தேவைப்படும் தகுதியை மட்டும் கேட்டால் அது பாகுபாட்டில் சேராது. இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் தப்பிப்பார்கள். அதனால் அந்தத் தகுதி உண்மையிலேயே தேவையா என்பதில் கண் வையுங்கள்.

பாரபட்சம் இரண்டு வழியில் வரும். ஒன்று நேராக வருவது. பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தை இருக்கும் பெண்களை எடுக்க மாட்டோம் என்று அமெரிக்காவில் ஒரு நிறுவனம் விதி வைத்திருந்தது. அதே வயதுக் குழந்தை இருந்த ஆண்களைத் தாராளமாக எடுத்தது. ஐடா பிலிப்ஸ் என்ற பெண் தொடுத்த அந்த வழக்கு 1971இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. அம்மாவுக்கு ஒரு விதி, அப்பாவுக்கு ஒரு விதி என்று வைக்க முடியாது என்றது நீதிமன்றம். இன்னொன்று எல்லோருக்கும் ஒரே விதி போலத் தெரியும், ஆனால் அடி ஒரு பக்கம்தான் விழும். அலபாமா மாநிலத்தில் சிறைக் காவலர் வேலைக்கு 5 அடி 2 அங்குல உயரமும் 120 பவுண்டு எடையும் குறைந்தபட்சம் வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஆண்களில் மிகச் சிலரையும் பெண்களில் பெரும் கூட்டத்தையும் அது வெளியே நிறுத்தியது. வேலைக்கு வலு வேண்டும் என்றால் வலுவையே சோதியுங்கள், உயரத்தை ஏன் அளக்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் 1977இல் அந்த அளவு நீதிமன்றத்தில் விழுந்தது.

உங்களுக்கு வரும் விதிகளிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். "இரவு எட்டு மணிக்கு மேலும் ஆபீஸில் இருக்க வேண்டும்" என்றால், எட்டு மணிக்கு மேல் நடப்பது என்ன வேலை? "தொடர்ச்சியாகப் பத்து வருட அனுபவம்" என்றால், நடுவில் ஒரு வருட இடைவெளி விட்டவருக்கு என்ன தெரியாமல் போய்விடும்?

விண்ணப்பம் போடும்போது

விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி தெரியும்படி எடுங்கள். பிரச்சினை வந்த பிறகு தேடினால் அது இருக்காது, அல்லது திருத்தியிருப்பார்கள். கேட்டிருந்த தகுதிகள் ஒவ்வொன்றுக்கும் நேராக உங்களிடம் இருப்பதை எழுதி ஒரு பக்கம் தயார் செய்துகொள்ளுங்கள். இன்டர்வியூவுக்கும் உதவும், நாளைக்குப் புகார் என்று வந்தால் அதுதான் முதல் தாள்.

ரெஸ்யூமேயில் திருமணம், கணவர் பெயர், குழந்தைகள் எதுவும் வேண்டாம். படிவத்தில் கட்டம் இருந்தால்கூட, கட்டாயம் என்று போட்டிருந்தால் ஒழியக் காலியாக விடுங்கள். இது வீண் பயம் இல்லை. ஷெல்லி காரெல் என்ற சமூகவியலாளர் இரண்டு சக ஆய்வாளர்களோடு 2007இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். தகுதியில் வித்தியாசமே இல்லாத இரண்டு ரெஸ்யூமேக்கள். ஒன்றில் மட்டும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொறுப்பு வகித்தவர் என்ற மாதிரி ஒரு வரி, அதாவது அவருக்குக் குழந்தை இருக்கிறது என்று காட்டும் வரி. உண்மையான நிறுவனங்களுக்கு அனுப்பியபோது, அம்மா என்று தெரியாத பெண்ணுக்கு அழைப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்தது. அப்பா என்று தெரிந்த ஆணுக்கு எந்த நஷ்டமும் இல்லை. என் நீல மைக் கையெழுத்தை நான் எத்தனை பேருக்குச் சேர்த்து எழுதியிருக்கிறேன் என்று இதைப் படித்த அன்று புரிந்தது.

வேலையில் இடைவெளி இருந்தால் மறைக்க வேண்டாம், விளக்கமும் வேண்டாம். "2019 முதல் 2021 வரை: பணி இடைவெளி" என்று ஒரு வரி போதும். அந்தக் காலத்தில் ஏதாவது படித்திருந்தால், சின்னச் சின்ன வேலை எடுத்துச் செய்திருந்தால் அதைச் சேருங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனி எங்கேயும் வரக் கூடாது.

இன்டர்வியூ அறையில்

என் முதல் இன்டர்வியூவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேலையைப் பற்றி நான்கு கேள்வி. கல்யாணத்தைப் பற்றி ஐந்து. எண்ணிக்கொண்டுதான் பதில் சொன்னேன். அந்த வேலை கிடைத்தது, அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிடைக்காமல் போயிருந்தால் ஐந்தில் எந்தப் பதிலால் போனது என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருப்பேன்.

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் மூன்று வழி இருக்கிறது. எந்த வழியில் போவது என்பது அந்த வேலை உங்களுக்கு எவ்வளவு அவசியம் என்பதைப் பொறுத்தது. எல்லோரும் அறைக்குள் நின்று போராட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வாடகை கட்ட வேண்டியவருக்குக் கொள்கை வகுப்பு எடுக்க எனக்கு மனசில்லை.

முதல் வழி, கேள்வியை விட்டுவிட்டு அதன் பின்னால் இருக்கும் கவலைக்குப் பதில் சொல்வது. "குழந்தையை யார் பார்த்துப்பாங்க?" என்று கேட்டால், "இந்த வேலைக்கு மாசத்துல எத்தனை நாள் வெளியூர் போக வேண்டியிருக்கும் சார்?" என்று கேளுங்கள். எட்டு நாள் என்பார். "அதுல எனக்குச் சிரமம் இல்லை. போன வேலையிலும் போயிருக்கேன்." அவ்வளவுதான். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் அவர் தாளில் "டூர் கஷ்டம்" என்று எழுத முடியாது. அன்று அந்தப் பெண்ணுக்கு நான் பறித்தது இந்த வாய்ப்பைத்தான்.

இரண்டாவது, திருப்பிக் கேட்பது. "இது வேலைக்கு எப்படிச் சம்பந்தப்படுதுன்னு சொன்னீங்கன்னா சரியாப் பதில் சொல்ல முடியும்." சிரித்த முகத்தோடு கேட்க வேண்டும். பத்தில் எட்டுப் பேர் "சும்மா, ஜெனரலாத்தான்" என்று விட்டுவிடுவார்கள். மூன்றாவது, நேரடியாக மறுப்பது. "குடும்ப விஷயம் பேச விருப்பமில்லை. வேலை சம்பந்தமா எது வேணும்னாலும் கேளுங்க." இதற்குப் பிறகு அறை கொஞ்சம் இறுகும். இறுகட்டும்.

கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று கேட்பதும், பரிசோதனைச் சான்று கேட்பதும் தனி ரகம். அதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மகப்பேறு பாதுகாப்பு பற்றிய 183ஆம் உடன்படிக்கை, 2000இல் வந்தது, வேலைக்கு வரும் பெண்ணிடம் கர்ப்பப் பரிசோதனை கேட்கக் கூடாது என்கிறது. தாய்க்கோ குழந்தைக்கோ கேடு வரக்கூடியது என்று சட்டமே ஒத்துக்கொண்ட வேலைகள் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்காத நாட்டிலும், "இதை எழுத்தில் கேட்க முடியுமா?" என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பவர் பின்வாங்குவார்.

வெளியே வந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் எழுதுங்கள். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எழுதுகிறவர்களும் தங்கள் கோபத்தை எழுதுகிறார்கள். "மரியாதையில்லாமல் பேசினார்கள், பெண் என்றால் இளக்காரம்" என்று எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து அது எதற்கும் உதவாது. இப்படி எழுதுங்கள்: "காலை 11.10 முதல் 11.35 வரை. மூன்று பேர், பெயர்கள் இவை. நடுவில் இருந்தவர் கேட்டது: 'அடுத்த ரெண்டு வருஷத்துல குழந்தை பிளான் இருக்கா?' நான் சொன்னது: 'அது தனிப்பட்ட விஷயம்.' அவர்: 'இல்ல, நாங்களும் பிளான் பண்ணணும்ல.' இடது பக்கம் இருந்தவர் சிரித்தார். என்ஜினியரிங் பற்றி இரண்டு கேள்வி." வார்த்தைக்கு வார்த்தை, மேற்கோள் குறிக்குள். எழுதியதை உங்களுக்கே ஒரு மெயிலாக அனுப்பிக்கொண்டால் நேரமும் தேதியும் தானாகப் பதிந்துவிடும். காத்திருந்த ஆண்களிடம் அவர்களை என்ன கேட்டார்கள் என்று சாதாரணமாக விசாரித்து அதையும் குறியுங்கள்.

இல்லை என்று பதில் வந்தால் ஒரு மெயில் போடுங்கள், இரண்டு வரி: "நேர்காணலுக்கு நன்றி. எந்தத் தகுதியில் அல்லது எந்தக் கேள்வியில் நான் குறைந்தேன் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்." வரும் பதில் "உங்களைவிடப் பொருத்தமானவர் கிடைத்தார்" என்ற வழக்கமான வாக்கியமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள். இன்று அனுபவம் போதாது என்று எழுதியவர்கள் நாளை உங்களைவிட அனுபவம் குறைந்தவரை எடுத்தாலோ, அதே விளம்பரத்தை மூன்று வாரத்தில் மறுபடி போட்டாலோ, அந்த வழக்கமான வாக்கியத்துக்கு அப்போதுதான் விலை வரும்.

சம்பளப் பேச்சு

"இப்போ என்ன வாங்குறீங்க?" என்ற கேள்விதான் பழைய அநியாயத்தைப் புது இடத்துக்குச் சுமந்து வருகிறது. முதல் வேலையில் குறைத்துக் கொடுத்தவன் கணக்கின் மேலேயே அடுத்தவன் சதவீதம் போடுவான். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த சம்பள வெளிப்படைத்தன்மை விதி, விண்ணப்பிப்பவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது, வேலைக்கான சம்பள வரம்பை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கிறது. அப்படி விதி இல்லாத இடத்திலும் நீங்கள் முந்திக்கொள்ளலாம்: "இந்தப் பொறுப்புக்கு என்ன வரம்பு வெச்சிருக்கீங்க? அதுல என் அனுபவத்துக்கு எங்க வருதுன்னு பேசலாம்."

பெண்கள் பேரம் பேசத் தயங்குகிறார்கள், அதனால்தான் குறைவு என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஹன்னா ரைலி பௌல்ஸும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட சோதனைகளில், சம்பளம் கூட்டிக் கேட்ட பெண்களோடு வேலை செய்ய மதிப்பிட்டவர்கள் விரும்பவில்லை. ஆண்கள் கேட்டபோது அந்த எரிச்சல் அவ்வளவு இல்லை. தயக்கம் அனுபவத்திலிருந்து வருகிறது. எனவே "எனக்கு வேண்டும்" என்று ஆரம்பிக்காமல், வரம்பு, பொறுப்பு, சந்தை நிலவரம் என்று தாளில் இருப்பதைக் காட்டிப் பேசுங்கள். இந்த நெளிவு சுளிவு பெண்ணுக்கு மட்டும் ஏன் என்று கேட்டால், நியாயம்தான். சம்பளத்தை வாங்கிக்கொண்டு கேளுங்கள்.

சேர்ந்த பிறகும் அதே வேலை பார்க்கும் ஆண்களின் சம்பளம் தெரிந்துகொள்ள முயலுங்கள். லில்லி லெட்பெட்டர் அமெரிக்காவில் ஒரு டயர் ஆலையில் 1979இலிருந்து வேலை பார்த்தவர். ஓய்வு பெறும் வயதில், பெயர் போடாத ஒரு துண்டுச் சீட்டு அவருக்கு வந்தது. அதே பொறுப்பில் இருந்த மூன்று ஆண்களின் சம்பளமும் அவருடையதும் அதில் எழுதியிருந்தது. வழக்குப் போட்டார். 2007இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. சம்பளத்தை முடிவு செய்த 180 நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டுமாம். தனக்குத் தெரியவே தெரியாத ஒன்றுக்கு அவர் எப்படிப் புகார் கொடுப்பார்? 2009இல் அவர் பெயரிலேயே சட்டம் வந்து, குறைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு சம்பளத்திலும் கெடு புதிதாகத் தொடங்கும் என்று ஆனது. அவருக்குப் பணம் வரவில்லை. சம்பளம் ரகசியம் என்று சொல்லும் இடத்தில் அந்த ரகசியம் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு

உள்ளே நடப்பது பெரும்பாலும் சின்ன விஷயமாகத் தெரியும். மீட்டிங் தொடங்கியதும் யாராவது மினிட்ஸ் எழுத வேண்டும் என்பார்கள். எல்லார் கண்ணும் ஒரு பக்கம் போகும். நான் ஒருமுறை கவனித்தேன், பதினோரு பேர் இருந்த அறையில் இரண்டு பெண்கள். கேள்வி முடியும் முன்பே இருவரும் நோட்டைத் திறந்துவிட்டார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. புதியவரை அழைத்துப்போய் அறிமுகம் செய்வது, பிரிவு உபசார விழாவுக்குப் பணம் வசூலிப்பது, அழுகிறவரைச் சமாதானப்படுத்துவது, இதெல்லாம் ஆபீஸின் வீட்டுவேலை. அப்ரைசலில் இதற்குக் கட்டம் கிடையாது. தனியாக மறுத்தால் "ஒத்துழைப்பு இல்லை" என்று பெயர் வரும். முறை போடச் சொல்லுங்கள்: "இந்த மாசம் நான் எழுதறேன். அடுத்த மாசம் யாருன்னு இப்பவே போட்டுடலாம்." பிறகு மினிட்ஸிலேயே அதை முதல் வரியாக எழுதிவிடுங்கள். நீங்கள்தானே எழுதுகிறீர்கள்.

ஒரு நோட்டுப் போட்டு வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் எழுதுங்கள். முடித்த வேலை, பாராட்டி வந்த மெயிலின் தேதி, கேட்டும் தராத வாய்ப்பு, அது யாருக்குப் போனது. அப்ரைசல் அன்று இது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அப்ரைசலில் பெயரடைகளைப் பார்த்தால் உஷாராகுங்கள். "கொஞ்சம் கடுமை", "அதிகம் உணர்ச்சிவசப்படுகிறார்", "இன்னும் தன்னம்பிக்கை வேண்டும்". ஒவ்வொன்றுக்கும், "எந்தச் சம்பவத்தில்? அதனால் வேலைக்கு என்ன பாதிப்பு?" என்று எழுத்தில் கேளுங்கள். 1982இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் பங்குதாரர் பதவிக்கு 88 பேர் பரிசீலனையில் இருந்தார்கள். அதில் ஆன் ஹாப்கின்ஸ் ஒருவர்தான் பெண். பதவி தள்ளிப்போனது. அவருக்கு வந்த ஆலோசனை என்ன தெரியுமா? இன்னும் பெண்மையோடு நடக்கவும் பேசவும் உடுத்தவும் வேண்டும், ஒப்பனையும் நகையும் போட வேண்டும், முடியைச் சீராக்கிக்கொள்ள வேண்டும். எல்லாம் அவர் நிறுவனத்துக்குப் பெரிய ஒப்பந்தம் பிடித்துக் கொடுப்பதில் பங்கு வகித்த பிறகு. 1989இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பெண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை வைத்து முடிவெடுப்பதும் பால் பாகுபாடுதான் என்றது. அந்த ஆலோசனை வெளிச்சத்துக்கு வந்ததால்தான் வழக்கு நின்றது. உங்களுக்கு வாய்மொழியாக வரும் ஆலோசனையை அன்று மாலையே மெயிலில் எழுதி அனுப்புங்கள்: "இன்று நீங்கள் சொன்னதை நான் புரிந்துகொண்டது இப்படி. தவறானால் திருத்துங்கள்." திருத்த மாட்டார்கள்.

மகப்பேறு விடுப்பு முடிந்து வருபவர்கள் கணக்கைக் கவனமாகப் பாருங்கள். என்னிடம் ஒரு பெண் வந்தாள், விற்பனைப் பிரிவு. ரேட்டிங் 'எதிர்பார்ப்புக்குக் கீழே'. ஏன் என்று கேட்டதற்கு, டார்கெட் 60, நீ முடித்தது 38 என்று பதில். தாளை வாங்கிப் பின்பக்கம் கணக்குப் போட்டேன். அறுபது என்பது பன்னிரண்டு மாதத்துக்கு, மாதம் ஐந்து. அவள் வேலையில் இருந்தது ஏழு மாதம், வர வேண்டியது 35. முடித்தது 38. அவள் டார்கெட்டைத் தாண்டியிருக்கிறாள். அவளுடைய மேனேஜர் கெட்டவர் இல்லை. பிள்ளை பிறந்தபோது பரிசு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனவர்தான். பன்னிரண்டால் வகுக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ரேட்டிங் மாறியது. அந்த வருடம் விடுப்பில் போன மற்ற நான்கு பெண்களின் தாளையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றில் இதே தவறு.

திரும்பி வந்ததும் உங்கள் பழைய பொறுப்பு வேறு யாரிடமாவது போயிருந்தால், "உனக்கு லேசான வேலையாக இருக்கட்டும்னு" என்பார்கள். நீங்கள் கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள். பேசாமல் இருந்தால் பிறகு, அவளே ஒத்துக்கொண்டாள் என்று ஆகிவிடும்.

புகார் என்று முடிவு செய்தால்

ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். நான் படித்த புகார்களில் தோற்றவை பெரும்பாலும் நீளமானவை. ஒன்பது பக்கத்தில் ஆறு வருடக் கதை இருக்கும், என்ன கேட்கிறார் என்பது இருக்காது. என்ன நடந்தது, என்று, அதே நிலையில் இருந்த ஆணுக்கு என்ன நடந்தது, உங்களுக்கு என்ன வேண்டும். நடுவில் இருக்கும் ஒப்பீடுதான் உயிர். "எனக்குப் பதவி உயர்வு தரவில்லை" என்பதற்கு ஆயிரம் பதில் உண்டு. "மூன்று வருடமும் என்னைவிடக் குறைந்த ரேட்டிங் வாங்கியவருக்குத் தந்தீர்கள், எந்த அளவுகோலால்?" என்பதற்குப் பதில் தேட வேண்டும். அவரைக் குறை சொல்லாதீர்கள், அவர் வெறும் அளவுக்கல்.

கெடுவை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே பேசி முடிக்கிறோம் என்று இழுத்தே கெடுவைத் தாண்ட வைப்பது உண்டு. உள்ளே பேச்சு நடப்பதால் வெளியே ஓடும் கடிகாரம் நிற்காது.

கம்பெனியின் ரகசியக் கோப்புகளை வீட்டு மெயிலுக்கு அனுப்பாதீர்கள். அதை வைத்தே உங்களை வெளியே அனுப்புவார்கள், பாரபட்சம் பற்றிய பேச்சே எழாது. உங்களுக்கு வந்த கடிதங்கள், உங்கள் குறிப்புகள், உங்கள் சம்பளச் சீட்டு போதும். புகாருக்குப் பிறகு ஷிப்ட் மாறினாலோ, மீட்டிங் அழைப்பு நின்றாலோ, அதைத் தனிப் பக்கத்தில் தேதியோடு குறியுங்கள். பழிவாங்கல் பல நாடுகளில் தனிக் குற்றச்சாட்டு. முதல் புகாரை நிரூபிப்பதைவிட இது பல சமயம் சுலபம். கோபத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். நீட்டும் தாளில் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள், "படிச்சிட்டு நாளைக்குத் தரேன்" என்று வாங்கிக்கொண்டு வாருங்கள். பாலியல் தொல்லை என்றால் அதற்கான குழுவும் வழியும் வேறு. இரண்டையும் ஒரே தாளில் கலக்காதீர்கள்.

எச்.ஆர். உங்கள் பக்கம் என்று நினைக்காதீர்கள். சம்பளம் கொடுப்பது நிறுவனம். நல்லவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நீங்கள் திட்டமிட வேண்டியது அவர்களை நம்பி அல்ல. தொழிற்சங்கம் இருந்தால் முதலில் அங்கே போங்கள். இதே அனுபவப்பட்ட இன்னொரு பெண் கிடைத்தால் இரண்டு பேராகப் போங்கள். ஒருத்தி சொன்னால் சுபாவம் சரியில்லை என்பார்கள், இருவர் சொன்னால் கோப்பைத் திறப்பார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு

பெண்ணாக இருந்தால் பாரபட்சம் பார்க்க மாட்டோம் என்று நானும் நம்பியவள். 2012இல் வெளிவந்த ஒரு ஆய்வில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அறிவியல் பேராசிரியர்கள் 127 பேரிடம் ஆய்வக மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு ஜான் என்ற பெயரில், மீதிப் பேருக்கு ஜெனிஃபர் என்ற பெயரில். ஜானுக்குச் சராசரியாக 30,238 டாலர் தரலாம் என்றார்கள், ஜெனிஃபருக்கு 26,508. மதிப்பிட்டவர் ஆணா பெண்ணா என்பதால் முடிவு மாறவில்லை.

அதனால் மனசைத் திருத்துவதைவிட முறையைத் திருத்துவது சுலபம். அமெரிக்க இசைக்குழுக்களில் தேர்வின்போது, வாசிப்பவர் யாரென்று தெரியாதபடி திரை கட்டினார்கள். செருப்புச் சத்தத்தில் பெண் என்று தெரிந்துவிடக் கூடாது என்று சில இடங்களில் கம்பளமும் விரித்தார்கள். முன்னணி ஐந்து குழுக்களில் 1970இல் 6 சதவீதமாக இருந்த பெண்கள் 1993இல் 21 சதவீதம் ஆனார்கள். அதில் திரையின் பங்கு எவ்வளவு என்பதில் புள்ளியியல் தெரிந்தவர்களிடையே சண்டை இருக்கிறது. எனக்குப் பிடித்தது அந்தக் கம்பளம். எங்கே கசியும் என்று யோசித்திருக்கிறார்கள்.

கம்ப்யூட்டரிடம் விட்டால் சரியாகிவிடும் என்பதும் கசியும். அமேசான் ரெஸ்யூமே பார்க்க ஒரு மென்பொருள் செய்து பார்த்ததாகவும், முன்பு எடுத்தவர்களைப் பார்த்துப் பழகிய அது 'பெண்கள்' என்ற சொல் வரும் ரெஸ்யூமேக்களைக் கீழே தள்ளியதால் கைவிட்டதாகவும் 2018இல் செய்தி வந்தது. பழைய தாள்களைக் கொடுத்தால் பழைய கையெழுத்தைத்தான் கற்கும்.

நான் கடைசி ஆறு வருடம் செய்தது இவ்வளவுதான். ஆட்கள் வரும் முன்பே ஐந்து கேள்வியும், எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதும் எழுதி எல்லாரும் கையெழுத்திட வேண்டும். எல்லாருக்கும் அதே ஐந்து, அதே வரிசை. டூர் உண்டு என்றால் அது ஒரு கேள்வி, ஆணுக்கும் அதே கேள்வி. பேனலில் உள்ளவர்கள் மதிப்பெண் போட்டுத் தாளைக் கவிழ்த்த பிறகே ஒருவரோடொருவர் பேச வேண்டும், இல்லையென்றால் மூத்தவர் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவார்கள். 'கருத்து' கட்டத்தைப் படிவத்திலிருந்தே எடுத்துவிட்டேன்.

முதல் மாதமே ஒரு மூத்தவர் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தார்: "சின்னக் குழந்தை?" நான் தாளைத் திருப்பி அவர் முன் வைத்து, "இது எந்தக் கேள்விக்கு சார்?" என்று கேட்டேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "டூருக்கு" என்றார். "அதைக் கேட்டோமே, என்ன சொன்னாங்க?" என்றேன். முன்பக்கம் திருப்பினார். மாதம் எட்டு நாள் சம்மதம் என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார். பென்சில் வரியை அடித்துவிட்டு, அதுவரை காலியாக விட்டிருந்த ஐந்தாம் கேள்விக்கு நான்கு மதிப்பெண் போட்டார்.